வாஹிதின் தாடிக்குள் இருந்தது

ரெம்ஸியின் சலூனில் எல்லாம் இருந்தது. சுழலும் நாற்காலி, ஆள் உயரக் கண்ணாடி, எலுமிச்சை மணக்கும் கொலோன் பாட்டில்கள், காத்திருப்பவர்களுக்குத் தேநீர் வைக்க ஒரு சின்ன மேசை. சவரக்கத்தி மட்டும் இல்லை.

கத்தி இல்லாத சலூன் துருக்கியின் ஸிலே ஊரில் வேறு எங்கும் கிடையாது. கடைத்தெருவின் மற்ற சலூன்களில் கத்தியைத் தோல்வாரில் தீட்டுகிற சத்தம் காலையில் பள்ளிவாசல் வரை கேட்கும். ரெம்ஸியோ பிளேடு மாட்டுகிற சின்ன ரேசரால் மழித்துவிடுவான். கேட்டால், அங்காராவில் இப்போதெல்லாம் இதுதான், கத்தியால் நோய் ஒட்டும் என்பான். முடிவெட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை என்பதால் ஊர் பொறுத்துக்கொண்டது. பொறுத்துக்கொண்டதோடு, அந்த ரேசரைப் பார்த்து, களைக்கொத்தி ரெம்ஸி என்று பெயரும் வைத்தது. "உஸ்தா, தோட்டத்துல களை மண்டிப் போச்சு, கொஞ்சம் கொத்தி விடு" என்று, தொழில்காரனுக்குரிய மரியாதைப் பெயரால் கூப்பிட்டு, தாடையைத் தடவிக்கொண்டே வந்து உட்காருவார்கள். அவனும் சிரித்தபடி துண்டைப் போர்த்துவான்.

சிரிப்பு உதட்டோடு சரி. நோய்க்குப் பயப்படுகிறவன் என்று நினைத்துத்தான் அவனைக் கேலி செய்தார்கள். அவன் உண்மையில் எதற்குப் பயந்தான் என்று தெரிந்திருந்தால் ஒருவரும் அந்த நாற்காலியில் கழுத்தைச் சாய்த்திருக்க மாட்டார்கள். அதைத் தெரிந்தவன் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் பெயர் வாஹித். ஊர்க்கோடியில் ரொட்டி அடுப்பு வைத்திருப்பவன். அவனும் அதைத் தன் தாடிக்குள் மூடி வைத்திருந்தான்.

திராட்சைப் பாகு காய்ச்சுகிற பருவம். தெருவெல்லாம் இனித்துக் கிடந்த ஒரு பிற்பகலில், சூடான ரொட்டி ஒன்றைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வாஹித் சலூனுக்குள் வந்தான். தாடியில் மாவு ஒட்டியிருந்தது. இரண்டு தங்கைகளைக் கரையேற்றிவிட்டு, நாற்பதை நெருங்குகிற வயதில் அவனுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. பெண் முனிரே, செம்புப் பாத்திரக் கடை ஹாஜி ஷாகிரின் மகள். கல்யாணக்களை முகத்தில் இருக்க வேண்டியவன், ரொட்டியை மேசையில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

மெதுவாகத்தான் விஷயம் வந்தது. மாமனார் நிபந்தனை போட்டுவிட்டார். தாடிக்குள் என்ன ஒளித்து வைத்திருக்கிறான் என்று தெரியாமல் பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்று நாலு பேர் நடுவே சொல்லிவிட்டார். கல்யாண நாளில் ஊர் கூடிப் பார்க்கிற மாப்பிள்ளைச் சவரம் முழுச் சவரமாக இருக்க வேண்டும். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பாராம்.

ரெம்ஸியின் கையில் இருந்த சீப்பு தானாக நின்றது.

"கீழ்த்தெரு உஸ்தாவைக் கூப்பிட்டுக்கோ" என்றான். "கை சுத்தமான ஆளு."

"அவன் தாடிய எடுத்த நிமிஷமே கேப்பான், இது என்னப்பா தழும்பு, எவன் போட்டதுன்னு. அவன் கேட்டா இருக்கிறவங்க அத்தனை பேரும் கேப்பாங்க. எனக்குப் பொய் சொல்ல வராதுடா. வாழ்க்கையில ஒரே ஒரு பொய் சொன்னேன், அதுக்கே உள்ள தூக்கி வச்சாங்க." வாஹித் சிரித்தான். ரெம்ஸி சிரிக்கவில்லை. "நீ எடுத்தா நீ கேக்க மாட்டே. துண்டை அந்தப் பக்கமா ஒதுக்குவே, கொஞ்சம் பவுடரைத் தொடுவே, முடிஞ்சது. உன் கடைக்கும் ஒண்ணும் ஆகாது."

"சரி. ரேசரால எடுத்துடறேன்."

"மாப்பிள்ளைச் சவரத்துக்கு ரேசரா? தவுல் அடிக்கிறவன் கோலைக் கீழ போட்டுட்டுச் சிரிப்பான். கத்திதான்டா வேணும்."

சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். ரொட்டி ஆறிக் கல்லாகும்வரை ரெம்ஸி அதைத் தொடவில்லை.

இருவரும் ஒன்றாகத்தான் துருக்கிய ராணுவத்தில் கட்டாயச் சேவைக்குப் போனார்கள். கிழக்கே, ஜன்னல் உயரத்துக்குப் பனி விழுகிற ஒரு முகாம். முகாமின் சவரக்காரன் காய்ச்சலில் விழுந்தபோது, யாருக்காவது இந்த வேலை தெரியுமா என்று அதிகாரி கேட்டார். மாமன் கடையில் முடி கூட்டிப் பெருக்கிய அனுபவத்தோடு ரெம்ஸி கையைத் தூக்கினான். இருபது வயது. கத்தி பிடித்ததே இல்லை என்று சொல்ல வெட்கம். முதல் ஆளாக நாற்காலியில் உட்கார்ந்தவன் வாஹித். நண்பன் கையால் முதல் சவரம் என்று பெருமையோடு உட்கார்ந்தான்.

கத்தி முன்னோக்கிப் போகலாம். தன் விளிம்பின் வழியே பக்கவாட்டில் ஒரு மயிரிழைகூட நகரக் கூடாது. இந்த வேலையின் முதல் பாடமே அதுதான். ரெம்ஸி அதைப் படித்த விதம்தான் கொடுமை. இடது காதுக்குக் கீழே கத்தி வழுக்கியது. முதலில் ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளை நுரைக்குள் ஒரு கோடு. பிறகு அந்தக் கோடு சிவந்தது, சிவந்தது கழுத்தில் இறங்கியது, கழுத்தில் இறங்கியது சட்டைக்குள் போனது. வாஹித் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் ரெம்ஸி பிழைத்திருப்பான்.

கண்ணாடி இல்லாமல் நானே மழித்துக்கொண்டேன் என்று வாஹித் மேலதிகாரியிடம் சொன்னான். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட குற்றத்துக்காக, கழுத்தில் கட்டோடு அவனைக் காவலறையில் அடைத்தார்கள். வெளியே வந்ததும் தாடி வளர்த்தான். ஊருக்குத் திரும்பிய பிறகும் எடுக்கவில்லை. அந்தக் கத்தியை ரெம்ஸி துணியில் சுற்றி வீட்டு அலமாரியின் அடியில் போட்டான். எறிந்துவிடத் துணிவில்லை, எடுத்துப் பார்க்கவும் துணிவில்லை.

அன்று மாலை அதை எடுத்தான். மனைவி ஹூரியே வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருவழியா பிரிச்சீங்களா?" என்றாள். "இத்தனை வருஷமா அதுக்குள்ள எவளோட தலைமுடி இருக்குன்னு நெனச்சுப் பொருமிக்கிட்டு இருந்தேன்."

துணிக்குள் பளபளத்ததைப் பார்த்ததும் அவள் வாய் நின்றது. அவன் முகத்தைப் பார்த்ததும் அருகில் வந்து உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து சொல்லாததை அவன் அன்று சொன்னான். முடிந்ததும் எழுந்து போய்ப் பண்டிகைக்கு வாங்கி மிச்சமிருந்த பலூன்களை எடுத்து வந்து அவன் மடியில் போட்டாள். கீழ்த்தெரு உஸ்தாவின் மனைவி அவளோடு பாகு காய்ச்சுகிறவள். புதிதாகக் கத்தி பிடிக்கிறவர்கள் பலூனுக்கு நுரை பூசித்தான் பழகுவார்கள் என்ற ரகசியம் பாகுச் சட்டியோரம் எப்போதோ கசிந்திருந்தது.

முதல் பலூன் கத்தி பட்டவுடன் வெடித்தது. நுரை சுவரிலும் அவன் புருவத்திலும் ஹூரியேவின் தலைத்துணியிலும் தெறித்தது. இரண்டாவதும் வெடித்தது. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அப்பாலிருந்து, என்ன இன்னும் பண்டிகை முடியலையா என்று கேட்டாள். ஹூரியே சிரித்துச் சமாளித்தாள். ரெம்ஸிக்கு ஒவ்வொரு வெடிப்பும் ஒரு கழுத்து.

பிறகு மெல்ல மெல்ல வந்தது. கத்தியின் முதுகைத் தோலோடு படுக்க வைத்து, கொஞ்சமே தூக்க வேண்டும். நிமிர்ந்தால் வெட்டும், படுத்தால் பிடுங்கும். மூன்று விரல் மேலே, சுண்டுவிரல் வாலில். கத்தியை விரல் நுனிகள் தாங்க வேண்டும்; முஷ்டி இறுகினால் போச்சு. தோல்வாரில் தீட்டும்போது முதுகு முன்னே போக, விளிம்பு பின்னால் வர வேண்டும். இதெல்லாம் அவனுக்கு முன்பே தெரிந்தவைதான். மாமன் கடையில் பார்த்தது, எத்தனையோ பேர் செய்யக் கண்டது. அறிவுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. அதுவும் அந்தக் கைக்கு ஒரே ஒரு சம்பவம்தான் நினைவிருந்தது.

பலூன் தப்பிப் பிழைக்கத் தொடங்கியதும் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். வெந்நீரில் நனைத்த துணி, கெட்டியான நுரை, இடது கையால் தோலை மேலே இழுத்துப் பிடித்து, முடி விழுந்த போக்கிலேயே சின்னச் சின்ன இழுப்பு. கன்னம் மழமழவென்று வந்தது. தாடைக்குக் கீழே இறங்கியதும் கை நின்றது. கண்ணாடியில் அவனுடைய தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்தான். அதன் பக்கத்தில் நாடி துடிப்பதும் தெரிந்தது. உயிர் இவ்வளவு மெல்லிய தோலுக்குப் பின்னாலா நின்றுகொண்டிருக்கிறது? மிச்சத்தை ரேசரால் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்களின் முகம் அவனுக்குத் தெரியவில்லை. கழுத்துகள்தான் தெரிந்தன. கொழுத்தவை, எலும்பு துருத்தியவை, சுருங்கித் தொங்குபவை. எதைப் பார்த்தாலும் இடது காதுக்குக் கீழே அவன் கண் போய் நின்றது.

கல்யாண வாரத்தில் ஹூரியே ஒரு நாள் முக்காட்டை அவிழ்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என் கன்னத்துல பூனைமுடி இருக்கு. ஊர்ப் பொம்பளைங்க நூலை வச்சு இழுத்து உயிரை எடுக்கிறாளுங்க. நீங்க கத்தியால எடுத்து விடுங்க."

அவன் மறுத்தான். வேண்டாம் என்று கெஞ்சினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் அசையவே மாட்டேன். உங்களுக்கு நடுங்கினா நிறுத்திக்கங்க. நான் இங்கேயேதான் இருப்பேன்."

கொஞ்சம் நுரை தொட்டு வைத்தான். வலது கன்னத்தில் கத்தியை வைத்தபோது உள்ளங்கை வேர்த்துக் கத்திப் பிடி வழுக்கியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். ஒரு இழுப்பு. இன்னொன்று. கத்தி வெண்ணெயில் போவது போலப் போனது. அவள் இமைகூட ஆடவில்லை. வலது கன்னம் முடிந்தது. இடது பக்கம் திரும்பியதும் அவன் கையைக் கீழே போட்டான்.

"இடது பக்கம் என்னால முடியலை, ஹூரியே."

அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். "சரி, இந்தப் பக்கம் குமரி, அந்தப் பக்கம் கிழவியா கல்யாணத்துக்கு வரேன். மிச்சத்தைக் கல்யாணம் முடிஞ்சு எடுங்க" என்றாள். உள்ளே போனவள் அடுப்படியில் வெகுநேரம் நின்றிருந்தாள். அழுதாளா என்று அவன் போய்ப் பார்க்கவில்லை.

கல்யாண நாள் காலையில் ரெம்ஸி வலது கையில் துணியைச் சுற்றிக்கொண்டான். வெந்நீர் கொட்டிவிட்டது என்று சொல்வதாக இருந்தான். ஹூரியே தேநீரோடு வந்தவள், கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அந்தத் துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். அவிழ்த்து மடித்துக் கத்திப் பெட்டிக்குள் வைத்தாள். அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டான்.

வாஹித் வீட்டு முற்றத்தில் மல்பெரி மரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். தவுலும் நாயனமும் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தன. ஆண்கள் சுற்றி நின்றார்கள். பெண்கள் மாடி ஜன்னல்களில் நெருக்கியடித்தார்கள். முன்வரிசையில், சொன்னது போலவே, ஹாஜி ஷாகிர் கைத்தடி மேல் இரு கைகளையும் வைத்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளைத் தோழன் இத்ரிஸ் பரபரப்பாகத் திரிந்தான். தொண்டை பெரிய ஆள்; வாஹிதின் அடுப்பில் மாவு பிசைகிறவன்.

பெட்டியிலிருந்து கத்தி வெளியே வந்ததும் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "டேய், களைக்கொத்தி அரிவாள் எடுத்துட்டான்டா!" என்று யாரோ கத்தினார்கள். நோய் என்ன ஆச்சு உஸ்தா என்று இன்னொருவர் கேட்டார். ரெம்ஸியின் காதில் எதுவும் நிற்கவில்லை.

முதலில் கத்தரிக்கோல். அது அவனுடைய ராஜ்யம். தாடி கொத்துக் கொத்தாகத் துண்டில் விழுந்தது. மாவின் வாசனை எழுந்தது. வெந்நீர்த் துணியைச் சுற்றினான், நுரையைக் குழைத்துப் பூசினான். வலது கன்னத்தைக் கத்தியால் தொட்டான். பலூன் நினைவுக்கு வந்தது, பிறகு ஹூரியேவின் மூடிய கண்கள் நினைவுக்கு வந்தன. கத்தி போனது. கூட்டம் ஓகோ என்றது. மேலுதடு, முகவாய், இடது கன்னத்தின் மேற்பகுதி எல்லாம் வந்தன. வெயில் படாத வெள்ளைத் தோலோடு, இருபது வயது வாஹித் கொஞ்சம் கொஞ்சமாக நுரைக்குள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருந்தான்.

இடது காதுக்குக் கீழே நுரையை வழித்தான்.

இருந்தது. அவன் நினைவில் இருந்ததைவிட நீளமாக இருந்தது. காது மடலின் அடியிலிருந்து தொண்டையை நோக்கி, தையல் பிரிந்த துணி போல மேடும் பள்ளமுமாக, வெளுத்துக் கிடந்தது. அதன் இருபுறமும் முடி அடர்ந்திருந்தது. அதற்கு ஒரு விரல் தள்ளி நாடி துடித்தது.

கத்தி அந்தரத்தில் நின்றது.

மாப்பிள்ளைச் சவரத்தில் நடுவே கத்தியை நிறுத்துவது அந்த ஊரின் பழக்கம். கத்தி வெட்டவில்லை என்று சவரக்காரர் அடம்பிடிப்பார். தோழர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணத்தைத் துண்டில் போடப் போட, கத்திக்குக் கூர் வரும். எல்லாரும் காத்திருப்பதே அந்த விளையாட்டுக்குத்தான்.

தவுல் சட்டென்று நின்றது. இத்ரிஸ் இரண்டு கையையும் தூக்கினான்.

"கத்தி வெட்டலையாம்!"

முற்றமே சிரித்தது. இத்ரிஸ் முதல் நோட்டை எடுத்து வாஹிதின் மார்புத் துண்டில் வைத்தான். கத்தி அசையவில்லை. இன்னொருவன் வைத்தான். அசையவில்லை. இந்த உஸ்தா கைகாரன், இத்தனை வருஷம் கத்தி எடுக்காததுக்கெல்லாம் சேத்து வசூல் பண்றான் என்று ஒரு கிழவர் பாராட்டினார். ஒருவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தான். யாரோ ஒருவன் எங்கிருந்தோ ஒரு சேவலைப் பிடித்து வந்து ரெம்ஸியின் காலடியில் விட்டான். அது சிறகடித்து ஓட, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

சிரிப்பின் நடுவே ரெம்ஸி தனியாக நின்றான். முழங்கைவரை மரத்துவிட்டது. நெற்றி வேர்வை புருவத்தில் தேங்கி, வாஹிதின் மேல் சொட்டியது. கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடினால் என்ன? ஊர் சிரிக்கும், சிரித்துவிட்டுக் காரணம் கேட்கும். அழுத்தினால்? கீழே இறங்கப்போகிற அந்தச் சிவப்பை அவன் கண் முன்கூட்டியே பார்த்தது. கல்யாண மாப்பிள்ளையின் ரத்தம். முனிரேயின் தகப்பன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். யா அல்லா, இந்தக் கை எனக்கு வேண்டாம் என்று மனசுக்குள் கதறினான்.

"என்ன உஸ்தா, இன்னும் பத்தலையா? ரொட்டி அடுப்பையே எழுதி வாங்கிடுவே போல!" என்றான் இத்ரிஸ். சிரிப்பு இம்முறை கொஞ்சம் குறைவாக வந்தது.

வேர்வைத் துளி கன்னத்தில் பட்டதும் வாஹித் கண்ணைத் திறந்தான். தலைகீழாகத் தெரிந்த நண்பனின் முகத்தைப் பார்த்தான். பயந்து வெளிறிய அந்த முகத்தை அவன் ஏற்கெனவே ஒருமுறை, பனி முகாமில் பார்த்திருக்கிறான்.

கூட்டத்துக்குக் கேட்காத குரலில், உதட்டை அசைக்காமல் பேசினான்.

"ரெம்ஸி. அன்னிக்கு நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். உன்னைவிட எனக்குத்தான்டா பயம். அது ரெண்டு பேரும் சேந்து பண்ணின தப்பு. இப்ப நான் மூச்சு விடறேன். நான் விடறப்ப நீ இழு. நான் மூச்சை இழுக்கறப்ப நீ நில்லு. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். தலையை இன்னும் பின்னுக்குச் சாய்த்து இடது கழுத்தை முழுதாகக் காட்டினான். நீளமாக மூச்சை இழுத்தான். மெல்ல விட்டான்.

ரெம்ஸி இடது கையால் தழும்பின் மேல் தோலை இழுத்துப் பிடித்தான். மேடு கொஞ்சம் தட்டையானது. வாஹிதின் மூச்சு இறங்கியபோது கத்தியும் இறங்கியது. அரிசி நீளம்தான். மூச்சு ஏறியது, கத்தி நின்றது. மறுபடி இறங்கியது. தூங்குகிற பிள்ளையின் மார்பைப் பார்ப்பது போல அவன் அந்த மூச்சையே பார்த்தான். தழும்பின் மேல் ஓரம் வந்தது. கீழ் ஓரம் வந்தது. முற்றம் ஏனென்று தெரியாமலே அமைதியாகிவிட்டது. கடைசி முடி நுரையோடு கத்தியில் வந்து ஒட்டியபோது, அவன் நிமிர்ந்து நின்று வானத்தைப் பார்த்தான். மல்பெரி இலைகள் கண்ணில் கலங்கின.

தழும்பை மறைக்கத் துண்டை ஒதுக்கிப் போட மறந்துவிட்டான். பவுடரும் நினைவில் இல்லை.

ஹாஜி ஷாகிர் கைத்தடியை ஊன்றி எழுந்து வந்தார். மாப்பிள்ளையின் முகவாயைப் பிடித்து வலப்பக்கம் திருப்பினார், பிறகு இடப்பக்கம். அங்கே அவர் விரல் நின்றது.

"இது என்ன மாப்பிள்ளை?"

வாஹித் வாயைத் திறந்தான். பொய் சொல்லத் தெரியாத அந்த முகம் காதுவரை சிவந்தது. அடுப்புத் தட்டு சுட்டது என்று ஒரு பொய்யைத் தொடங்கினான். வார்த்தை இடறியது.

"நான் போட்டது, ஹாஜி" என்றான் ரெம்ஸி.

சொன்ன பிறகுதான், சொன்னது தன் வாய்தான் என்று அவனுக்கே தெரிந்தது. எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். கத்தி இன்னும் கையில் இருந்தது.

"ராணுவத்துல. எனக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது, தெரியும்னு சொல்லிட்டேன். அவன்தான் முதல்ல வந்து உக்காந்தான். என்னைக் காட்டிக் குடுக்காம, தானே வெட்டிக்கிட்டதா சொல்லி உள்ள போனான். அன்னியிலேருந்து நான் இன்னொருத்தர் கழுத்துல கத்தி வச்சதில்லை. இன்னிக்குத்தான்."

தவுல்காரன் கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டான். மாடி ஜன்னலில் ஒரு குழந்தை அழுதது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். இத்ரிஸ் துண்டில் கிடந்த நோட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். தாம் இத்தனை நேரம் எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் அப்போதுதான் புரிந்தது.

ஹாஜி வெகுநேரம் தழும்பைப் பார்த்தார். பிறகு ரெம்ஸியின் கத்தியைப் பார்த்தார். அவன் தன் சலூனையும் நாற்காலியையும் கொலோன் பாட்டில்களையும் மனசுக்குள் விற்று முடித்திருந்தான்.

"இவன் வெட்டினவன்னு தெரிஞ்சும், மறுபடி இவன் கத்திக்கே கழுத்தைக் குடுத்தியா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார்.

வாஹித் தலையசைத்தான்.

"தாடிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்னு சொன்னேன்" என்றார் கிழவர். "பாத்துட்டேன். இப்பேர்ப்பட்டவன் கையில என் பொண்ணு பத்திரமா இருப்பா." குனிந்து, எண்பது வயது உதடுகளால் வாஹிதின் நெற்றியில் முத்தமிட்டார். திரும்பி ரெம்ஸியின் பக்கம் வந்தபோது அவன் தானாக ஒரு அடி பின்வாங்கினான். அவர் அவன் தோளைத் தட்டினார்.

"நான் வெள்ளிக்கிழமை உன் கடைக்கு வருவேன் தம்பி. ஆனா எனக்கு அந்தக் களைக்கொத்தியே போதும்."

முற்றம் வெடித்துச் சிரித்தது. ரெம்ஸியும் சிரித்தான், சிரித்துக்கொண்டே அழுதான். தவுல் மறுபடி எழுந்தது. இத்ரிஸ் நோட்டுகளைச் சுருட்டி அவன் பையில் திணித்தான், அவன் எடுத்து மறுபடி மாப்பிள்ளையின் மடியில் வைத்தான். கடிகாரக்காரன் சந்தடி சாக்கில் தன் கடிகாரத்தை மீட்டுக்கொண்டான். வாஹித் நாற்காலியிலிருந்து எழுந்து, நுரை காயாத கன்னத்தோடு நண்பனைக் கட்டிக்கொண்டான். அந்தத் தழும்பு ரெம்ஸியின் கன்னத்தில் பட்டது. வழவழவென்று இருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் அவன் நின்று நின்று தன் வலது கையைப் பார்த்தான். பயம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் அவன் நம்பியிருக்க மாட்டான். நாளைக்கு ஒரு கழுத்து அவன் முன் சாயும்போது அது மறுபடி வந்து நிற்கும். ஆனால் அதற்கு எப்படி மூச்சு விடுவது என்று இனி அவனுக்குத் தெரியும்.

ஹூரியே மாடி ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அவனுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருந்தாள். வெந்நீர்க் கிண்ணம் தயாராக இருந்தது. முக்காட்டை அவிழ்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணை மூடி, இடது கன்னத்தை அவன் பக்கம் திருப்பினாள்.

அவன் கத்தியைத் தீட்டினான். அவள் மூச்சு விடுவதற்காகக் காத்திருந்தான்.